மான் வேட்டைக்கு முதல் ரைஃபிள்: எந்தத் தோட்டா, எந்தக் குண்டு?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறிச் சில ஆண்டுகள் ஆன ஒருவர் கேட்டிருக்கிறார். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டார், நவம்பர் சீசனுக்குள் முதல் ரைஃபிள் வாங்க வேண்டும். கூட வேலை பார்ப்பவர் .30-06 என்ற தோட்டாவைத் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். கடைக்காரர் ஒரு மேக்னத்தை, அதாவது கூடுதல் மருந்து அடைத்த வலிமையான தோட்டாவுக்கான ரைஃபிளை, எடுத்து நீட்டுகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பழைய .30-30 லீவர் ரைஃபிளை (விசையைச் சுற்றியுள்ள நெம்பைத் தள்ளி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) குறைந்த விலைக்குக் கொடுக்கத் தயார். இவரோ ஒல்லியான ஆள், நண்பரின்.30-06-ஐ நாலைந்து முறை சுட்டதிலேயே தோள் கன்றிப்போய்விட்டதாம். "மானுக்கு எந்தத் தோட்டா சிறந்தது?" என்று எழுதியிருக்கிறார். முழுக்கேள்வியையும் படித்தால், மானைக் காயத்தோடு ஓடவிடாமல் ஒரே சூட்டில் வீழ்த்த வேண்டும், தன் தோளும் தாங்க வேண்டும், அதற்கு எது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் வடக்கே அடர்ந்த காடுகளிலும் தெற்கே அறுத்த சோளக்காடுகளிலும் பல வருடங்களாக வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவன். புதியவர்களுக்கான வகுப்புகளில் தன்னார்வலராகச் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறேன். எல்க், மூஸ் போன்ற பெரிய விலங்குகளை நான் வேட்டையாடியதில்லை, ஆகவே இங்கே சொல்வது எல்லாம் மானுக்கு மட்டும். கீழே தோட்டா என்றால் பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்றால் குழலைவிட்டுப் பறந்துபோகும் துண்டு மட்டும்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். மான் விழுவது தோட்டாவின் பெயரால் இல்லை. குண்டு நுரையீரலையோ இதயத்தையோ கிழித்து, ரத்தம் வடிந்து, மூளைக்கு ஆக்சிஜன் நின்றுபோவதால்தான் விழுகிறது. பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்கால் தோளை ஒட்டிப் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பாதியில் 8 முதல் 10 அங்குல அகலமுள்ள ஒரு வட்டம்தான் உங்கள் இலக்கு. அதில் சரியாகப் பட்டாலும் மான் பல நேரம் 50 கஜம், சில சமயம் 100 கஜம்கூட ஓடிவிட்டுத்தான் விழும். அது தோட்டாவின் குறை இல்லை. இரண்டு நுரையீரலும் போன பிறகும் உடம்பில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனில் ஓடுகிற ஓட்டம் அது. வயிற்றில் பட்டால், மேக்னமாக இருந்தாலும் மணிக்கணக்கில் தேட வேண்டியதுதான்.

இப்போது .30-30, .30-06, .270, .308 என்ற நான்கு பழைய தோட்டாப் பெயர்களுக்கு வருவோம். .30-30 வின்செஸ்டர் 1895-ல் வந்தது, 1894 மாடல் லீவர் ரைஃபிளுக்காக. புகையில்லா மருந்தோடு அமெரிக்காவில் வேட்டைக்கென்று வந்த முதல் சிறுவிட்டத் தோட்டா அதுதான். .30-06 என்பது 1906-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .30 அங்குல விட்டத் தோட்டா; போரிலிருந்து திரும்பியவர்கள் அதையே காட்டுக்கும் கொண்டுபோனார்கள். 1925-ல் அந்தக் கூட்டின் கழுத்தை (குண்டைப் பிடித்திருக்கும் குறுகிய முனையை) இறுக்கி .270 வின்செஸ்டர் வந்தது. 1952-ல் குட்டையான .308 வின்செஸ்டர், அதன் கழுத்தை இறுக்கி 1955-ல்.243-உம், 1980-ல் ரெமிங்டனின் 7எம்எம்-08-உம். ஆக, .30-06, .308 என்ற இரண்டே இரண்டு கூடுகளின் வம்சம்தான் இன்றைக்கும் மான் காட்டில் பெருமளவு சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை.

150 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குண்டை வைத்துப் பார்ப்போம். தொழிற்சாலைத் தோட்டாவில் .308 குழல் வாயிலிருந்து விநாடிக்கு 2820 அடி வேகத்தில் விடும்; .30-06 விடுவது 2910. இந்த 90 அடி வித்தியாசத்துக்காகத்தான் பேச்சுவார்த்தை எல்லாம் அடிதடியாகிறது. இதே குண்டு முதல் 100 கஜத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 290 அடி வேகத்தை இழக்கிறது. அப்படியானால் .30-06-ன் கூடுதல் வலிமை என்பது மான் 30 கஜம் பக்கத்தில் நிற்பதற்குச் சமம், அவ்வளவுதான். 30 கஜ வித்தியாசத்தை எந்த மானாவது கண்டுபிடித்துச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. .30-06 உண்மையிலேயே முந்துவது 180 கிரெய்னும் அதற்கு மேலும் உள்ள கனமான குண்டுகளில். அவை மானுக்குத் தேவைப்படாது.

.270-ன் சிறப்பு அதன் தட்டையான பாதை. 130 கிரெய்ன் குண்டு 3060 அடி வேகத்தில் கிளம்புகிறது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை, 200 கஜத்தில் குண்டு குறியிலேயே படும்படி சரிசெய்தால் 300 கஜத்தில் 7 அங்குலம்போல இறங்கும்; .308 அதே தூரத்தில் எட்டு, எட்டரை அங்குலம். ஒன்றரை அங்குலம்தான் வித்தியாசம். திறந்த மலைச்சரிவில் தூரத்தைக் கண்ணளவில் தீர்மானித்த காலத்தில் அது பெரிய விஷயமாக இருந்தது. இன்று எல்லார் பையிலும் தூரம் அளக்கும் லேசர் கருவி இருப்பதால் அதன் மதிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது.

.30-30 வேறு ஜாதி. 150 கிரெய்ன் குண்டு 2390 அடி வேகத்தில் கிளம்பி 200 கஜத்தில் 1700-க்கும் கீழே வந்துவிடும். 100 கஜத்துக்குச் சரிசெய்திருந்தால் 200 கஜத்தில் 8 அங்குலம் அளவுக்கு இறங்கும். அதாவது இது 150 கஜத் துப்பாக்கி. நேர்மையாகச் சொன்னால், வடக்குக் காட்டில் நீங்கள் 150 கஜத்துக்கு மேல் பார்க்கவே முடியாது. மரங்களுக்கு நடுவே நான் பார்த்த சூடுகளில் பெரும்பாலானவை 100 கஜத்துக்குள். அங்கே இந்த 130 வயதுத் தோட்டா எந்தப் புதிய தோட்டாவுக்கும் குறைந்ததில்லை. ஒரே ஒரு கண்டிப்பு. லீவர் ரைஃபிளின் குழாய் மேகஸினில் தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் (இடி பட்டதும் மருந்தைப் பற்றவைக்கும், தோட்டாவின் அடியில் உள்ள சிறு மூடி) இடித்துக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால் சுடும்போது வரும் அதிர்ச்சியில் அந்தப் பிரைமர் வெடிக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் .30-30 குண்டுகளுக்கு மூக்கு தட்டையாக இருக்கிறது. ஹார்னடி நிறுவனம் விற்கும் ரப்பர்போல அமுங்கும் முனை கொண்ட லெவரெவல்யூஷன் வகை மட்டும் இதற்கு விலக்கு. அவை இன்னும் கொஞ்சம் தூரம் நேராகப் போகும்.

தோளைப் பற்றி. ஒரே எடையுள்ள ரைஃபிள்களில் .243-ன் உதை (சுடும்போது தோளில் விழும் பின்னிடி) .30-06-ன் உதையில் ஏறத்தாழப் பாதிதான். 7எம்எம்-08 நடுவில் நிற்கும், .308 அதற்குக் கொஞ்சம் மேலே. கணக்கு இப்படிச் சொன்னாலும் தோளுக்குக் கணக்கு தெரியாது. கட்டை உங்கள் கை நீளத்துக்குப் பொருந்துகிறதா, பின்முனையில் நல்ல ரப்பர் மெத்தை இருக்கிறதா, ரைஃபிள் எவ்வளவு எடை என்பவையே பாதி உதையைத் தீர்மானிக்கும். பழைய லீவர் ரைஃபிள் லேசானது, பின்தகடு இறுகலானது, காகிதத்தில் சாதுவான.30-30 சில ஆட்களைச் சுளீர் என்று அடிப்பது அதனால்தான். வகுப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் முன் கண்ணை மூடி, தோளை முன்னால் தள்ளிவிடுவார். குண்டு ஓர் அடி கீழே போகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அவருக்குத் தெரியாமல் வெற்று டம்மித் தோட்டா ஒன்றைக் கலந்து போட்டுக் கொடுப்பது. "டிக்" என்று சத்தம் வரும்போது குழல் முனை தாழ்ந்து ஆடினால் உதைதான் வில்லன், துப்பாக்கியின் குறி இல்லை.

அதனால் கடைக்காரர் நீட்டும் மேக்னத்தை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது கெட்ட தோட்டா இல்லை. 400 கஜத்துக்கு அப்பால் எல்க்கைத் தேடிப் போகிறவருக்கு அது நியாயமான தேர்வாக இருக்கலாம். மானுக்கு அது தரும் கூடுதல் பலன் ஒன்றுமில்லை, கூடுதல் உதை மட்டும் உறுதி.

சரி, குண்டு. என் அனுபவத்தில் தோட்டாவின் பெயரைவிட இதுதான் முக்கியம், ஆனால் புதியவர்கள் இதை யோசிப்பது கடைசியில். வேட்டைக் குண்டு உடம்பில் பட்டதும் குடை விரிவதுபோல முன்பக்கம் விரிய வேண்டும், பின்பக்கம் உடையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், முடிந்தால் மறுபக்கம் வெளியேற வேண்டும். எவ்வளவு விரியும் என்பதைத் தீர்மானிப்பது, படும் நேரத்தில் குண்டுக்கு இருக்கும் வேகம். மெதுவாகப் பட்டால் விரியாமல் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும். ரொம்ப வேகமாகப் பட்டால் தோள் எலும்பிலேயே சிதறிவிடும். விரியாத முழு உறைக் குண்டு, அதாவது ராணுவ வகை, மானுக்கு வேண்டவே வேண்டாம். விஸ்கான்சின் உட்படப் பல மாநிலங்களில் அது சட்டப்படியே கூடாது.

சாதாரண வகை, செம்பு உறைக்குள் ஈயம் வைத்து மூக்கில் கொஞ்சம் ஈயம் தெரியும் மென்முனைக் குண்டு. ரெமிங்டனின் கோர்-லாக்ட் 1939-லிருந்து வருகிறது; வின்செஸ்டரின் பவர்-பாயின்ட், ஹார்னடியின் இன்டர்லாக் எல்லாம் இதே குடும்பம். .308, .30-06, 7எம்எம்-08, .30-30 வேகங்களுக்கு இவை போதும், போதும் என்பதற்கு மேலேயே போதும். விலையும் குறைவு. மானைக் கழுவிச் சுத்தம் செய்யும்போது மறுபக்கத் தோலுக்கும் தசைக்கும் நடுவில் சில நேரம் இது கையில் தட்டுப்படும்: முன்பக்கம் செம்பு இதழ்கள் பின்னால் மடிந்து, நடுவே சாம்பல் நிற ஈயம் நசுங்கி, உள்ளே போனபோது இருந்த விட்டத்தைப்போல இரு மடங்கு அகலத்தில். அப்படி ஒன்று கிடைத்தால் குண்டு வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

பிளாஸ்டிக் முனை வைத்த குண்டுகளை எல்லாம் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. நாஸ்லரின் பாலிஸ்டிக் டிப் வகை துல்லியமானது, வேகமாக விரியும். பக்கவாட்டில் நுரையீரலில் பட்டால் சில நேரம் மான் அங்கேயே சரியும். அதே குண்டு .270-ல், 30 கஜத்தில், தோள் எலும்பில் பட்டால் கறி ரத்தக்களறியாகிவிடும், உள்ளே போகும் ஆழமும் குறையலாம். வேகமான தோட்டாவைக் கிட்டத்திலும் சுட நேரும் என்றால், ஈயமும் உறையும் ஒட்டவைக்கப்பட்ட பாண்டட் வகையை எடுங்கள்: ஃபெடரலின் ஃப்யூஷன், நாஸ்லரின் அக்யூபாண்ட் போன்றவை. நடுவே செம்புச் சுவர் வைத்து ஈயத்தை இரண்டு அறையாகப் பிரித்த நாஸ்லர் பார்ட்டிஷன் 1948-லிருந்து விற்பனையில் இருக்கிறது. சேறு அப்பிய மூஸ் ஒன்றிடம் சாதாரணக் குண்டுகள் தோற்றுப்போனதால் ஜான் நாஸ்லர் அதை உருவாக்கினார். மானுக்கு அது கட்டாயமில்லை, ஆனால் .243-ல் 100 கிரெய்ன் பார்ட்டிஷன் போட்டால் அந்தச் சின்னத் தோட்டா தன் எடைக்கு மேல் வேலை செய்யும்.

முழுச்செம்புக் குண்டுகள் தனிக்கதை. பார்ன்ஸ் நிறுவனம் 1980-களின் கடைசியில் இவற்றைப் பிரபலமாக்கியது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயம் இல்லாத குண்டு கட்டாயம். மற்ற இடங்களில் இது உங்கள் விருப்பம், ஆனால் யோசிக்க ஒரு காரணம் உண்டு. ஈயக் குண்டு பட்ட மானை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்குகள் காயத்திலிருந்து வெகுதூரம் வரை சிதறிக் கிடப்பது தெரியும். இது உறுதியான விஷயம். அதை எப்போதாவது உண்ணும் பெரியவர்களுக்கு எவ்வளவு கெடுதல் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உண்ணும் வீடென்றால் நான் செம்பைத்தான் சொல்வேன், அல்லது காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியச் சொல்வேன். செம்பு ஈயத்தைவிட லேசு, ஆகவே அதே எடைக்கு நீளம் கூடும். விரிவதற்கு வேகமும் அதிகம் வேண்டும். எனவே வழக்கமான எடையிலிருந்து ஒரு படி இறங்குங்கள்: .308-ல் 150-க்குப் பதில் 130 கிரெய்ன். நீண்ட தூரச் சூட்டுக்கு முன், குண்டு விரிவதற்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வேகத்தையும் பாருங்கள்.

அடிக்கடி சொல்லப்படும், ஆனால் நான் அப்படியே நம்பாத சில விஷயங்கள் இருக்கின்றன. மானுக்கு 1000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும் என்பது ஒன்று. கொலராடோ அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது: 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு, குறைந்தது .24 விட்டம், மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன் குண்டு. அங்கே வேட்டையாடினால் கீழ்ப்படிய வேண்டியதுதான். ஆனால் அந்த எண்ணில் உடற்கூறு அறிவியல் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. நூறு அடி-பவுண்டுகூட இல்லாத அம்பு தினமும் மானை வீழ்த்துகிறது. ஒப்பிடுவதற்கு வசதியான அளவுகோல், அவ்வளவே. இன்னொன்று, கனமான மெதுவான குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும் என்பது. சோதித்துப் பார்த்த இடங்களில் எல்லாம் எந்தக் குண்டும் கிளையில் பட்டால் திசை மாறுகிறது. புதருக்குப் பின்னால் மான் நின்றால் காத்திருங்கள். வேகமான குண்டின் அதிர்ச்சி அலையே மானைக் கொல்லும் என்ற வாதத்தை வைத்து, அதில் நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் பல ஆண்டுகளாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பிக் குறி வைக்கும் இடத்தை மாற்றாதீர்கள்.

விதிகளையும் பார்த்துவிடுங்கள். விஸ்கான்சினில் மானுக்கு .22 விட்டமும் அதற்கு மேலும் உள்ள சென்டர்ஃபயர் ரைஃபிள் (பிரைமர் அடியின் நடுவில் உள்ள தோட்டாவைச் சுடுவது) செல்லும். ஆகவே .223-உம் சட்டப்படி சரி, ஆனால் முதல் சீசன்காரருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், தப்புக்கு அதில் இடம் குறைவு. வேறு மாநிலத்துக்கு நண்பரோடு போனால் கதை மாறும். உதாரணமாக ஒஹையோவில், ரைஃபிள் என்றால் கழுத்து இறுகாத நேர்ச்சுவர்த் தோட்டாக்களுக்குத்தான் இடம்; .308-உம் .270-உம் அங்கே செல்லாது. .350 லெஜெண்ட் என்ற நேர்ச்சுவர்த் தோட்டா 2019-க்குப் பிறகு பரவியதே இப்படிப்பட்ட விதிகளால்தான். விதிகள் வருடத்துக்கு வருடம் திருத்தப்படுகின்றன, அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் பாருங்கள்.

அப்போ எதை வாங்குவது? கேட்டவர் நிலையில் இருந்தால் நான் 7எம்எம்-08 போல்ட் ஆக்ஷன் (தாழ்ப்பாள் போன்ற பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) ஒன்றை எடுத்து 140 கிரெய்ன் மென்முனைக் குண்டு போடுவேன். உதை மிதம், 250 கஜம்வரை யோசிக்காமல் சுடலாம். அது கடையில் எப்போதும் கிடைக்காது என்ற கவலை இருந்தால் .308-ம் 150 கிரெய்னும். நாட்டில் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் .308 இருக்கும், உதை குறைத்த தோட்டாக்களும் அதில் கிடைக்கும். 2007-ல் வந்த 6.5 கிரீட்மூரும் இதே வரிசையில் வரும் சாதுவான, நல்ல மான் தோட்டாதான். பழைய பெயர் இல்லை என்பது மட்டுமே அதன் மேல் இருக்கும் புகார். .243-ஐ நான் ஒதுக்கவில்லை, ஆனால் அதில் குண்டு விஷயத்தில் கவனம் வேண்டும்: 55 முதல் 70 கிரெய்ன் வரை உள்ளவை பெரும்பாலும் கொயோட் போன்ற சிறு விலங்குகளுக்காகச் செய்தவை, மானின் தோளில் பட்டு மேலோட்டமாகச் சிதறும். 95 அல்லது 100 கிரெய்ன் மட்டும் எடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் .30-30? நீங்கள் வேட்டையாடப்போவது மரங்கள் அடர்ந்த நிலம் மட்டும் என்றால் வாங்கிவிடுங்கள், 150 அல்லது 170 கிரெய்ன் தட்டை மூக்குக் குண்டு போடுங்கள், பின்முனைக்கு நல்ல மெத்தை ஒன்று மாட்டுங்கள். வாங்கும் முன் குழலில் விளக்கு அடித்து உள்ளே பள்ளம், துரு இருக்கிறதா பாருங்கள், குழல் முனையில் நசுங்கல் இருக்கிறதா பாருங்கள். குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எந்த ரைஃபிளுக்கும் இதுதான் விதி. அறுத்த சோளக்காட்டின் ஓரத்தில் உட்காரப்போகிறீர்கள் என்றால் .30-30 உங்களுக்கு வேண்டாம், அங்கே 200 கஜம் சர்வ சாதாரணம்.

எதை வாங்கினாலும் ஒரு விஷயத்தை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் குழலுக்கு எந்தக் குண்டு பிடிக்கும் என்பதை அந்தக் குழல்தான் சொல்லும். ஒரே மாடல் இரண்டு ரைஃபிள்களில் ஒன்று ஒரு பிராண்டை 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் போடும், இன்னொன்று அதையே மூன்று அங்குலத்துக்குச் சிதறவிடும். மூன்று வகைப் பெட்டிகள் வாங்கி, மேஜையில் மணல் பை வைத்து, குழலை ஆறவிட்டு ஆறவிட்டு மும்மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். ஒன்றரை அங்குலத்துக்குள் போட்டால் மானுக்குத் தாராளம். அப்புறம் மேஜையைவிட்டு எழுந்து, உட்கார்ந்தும் முழங்காலிட்டும் சுட்டுப் பாருங்கள். அந்த 8 அங்குல வட்டத்தில் தவறாமல் எவ்வளவு தூரத்தில் போட முடிகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. பிடித்துப்போன பெட்டி எதுவோ அதே லாட் எண்ணில் (பெட்டியில் இருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்) இன்னும் ரெண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நவம்பர் நெருங்கும்போது அலமாரி காலியாகிவிடும்.